முதல் ஐஸ் சிற்பம்: உறைய வைப்பதிலிருந்து உருகும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஐஸ் சிற்பங்கள் மேல் தீராத பித்து. கல்லிலும் மரத்திலும் எவ்வளவோ அழகான சிற்பங்கள் உண்டு. ஆனால் வெளிச்சத்தை உள்ளே விட்டு, உருவத்தின் முகத்தையும் முதுகையும் ஒரே பார்வையில் காட்டுவது ஐஸ்தான். இத்தனை காலம் பார்த்தும் படித்தும் செதுக்கியும் எனக்கு உறுதியாகப் பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு. ஐஸ் சிற்பத்தில் வெப்பநிலைதான் முதல் கருவி, உளி அதற்கு அப்புறம்தான். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து உறைகிறது, பாளத்தை எவ்வளவு நேரம் வெளியே வைத்த பிறகு கை வைக்கிறோம், முடித்ததை எப்படிப்பட்ட காற்றில் நிறுத்துகிறோம் என்பதிலேயே பாதி சிற்பம் முடிவாகிவிடுகிறது.

இதுவரை ஐஸில் உளி வைத்தே பார்க்காதவருக்காக இதை எழுதுகிறேன். வீட்டு ஃப்ரீசரில் தெளிவான பாளம் ஒன்றை உறைய வைத்து, கைக்கருவிகளை மட்டும் வைத்து ஒரு மீனைச் செதுக்கி, நான்கு பேர் பார்க்கும்படி நிறுத்தும் வரை போகப் போகிறோம். மொத்தம் ஒரு வார வேலை. செதுக்குவது சில மணி நேரம்தான், மீதியெல்லாம் காத்திருப்பு.

## படி 1: நிறையப் பாருங்கள்

சீனாவின் ஹார்பின் நகரில் 1963-இல் ஐஸ் விளக்குக் காட்சி தொடங்கியது. 1985 முதல் அது பெரிய திருவிழாவாக நடக்கிறது. சுங்குவா ஆறு உறைந்ததும் அதிலிருந்து அறுத்தெடுத்த பாளங்களை அடுக்கிக் கோபுரங்களே எழுப்புகிறார்கள். ஜப்பானின் சப்போரோவில் 1950-இல் பள்ளி மாணவர்கள் ஓடோரி பூங்காவில் செய்து வைத்த ஆறு பனிச் சிலைகளிலிருந்து இன்றைய திருவிழா வளர்ந்தது. ஸ்வீடனின் யுக்கஸ்யார்வி கிராமத்தில் தோர்னே ஆற்று ஐஸைக் கொண்டு குளிர்காலத்துக்குக் குளிர்காலம் ஒரு ஹோட்டலைப் புதிதாகக் கட்டுகிறார்கள். இவற்றின் படங்களும் வீடியோக்களும் நிறையக் கிடைக்கின்றன.

ரசித்து முடித்ததும் அதே படத்தை மறுபடி எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? மிக மெல்லிய இடம் எது? எடை எங்கே போய் உட்கார்கிறது? நல்ல சிற்பியின் வேலையில் மெல்லிய இடம் பெரும்பாலும் மேலே, ஓரத்தில் இருக்கும். அது உடைந்தாலும் உருகினாலும் மற்றதைக் கூடவே இழுத்துக்கொண்டு விழாது. இந்தப் பார்வை வந்துவிட்டால் வரைவது பாதி சுலபம்.

## படி 2: உளி எடுக்கும் முன் ஒரு விளக்கு

ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து ஃப்ரீசரில் வையுங்கள். பக்கங்களும் மேற்பரப்பும் சில சென்டிமீட்டர் உறைந்ததும், நடுவில் இன்னும் தண்ணீர் இருக்கும்போதே வெளியே எடுத்துக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். மிஞ்சுவது உள்ளே காலியான ஓர் ஐஸ் கூடு. அதற்குள் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை வைத்தால் அதுவே முதல் படைப்பு. ஹார்பின் பக்கத்து மக்கள் குளிர்காலத்தில் வழக்கமாகச் செய்துவந்த விளக்கும் ஏறக்குறைய இதுதான். அவர்கள் உள்ளே மெழுகுவர்த்தி வைத்தார்கள்.

இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் குளிர் படும் பக்கத்திலிருந்து உள்நோக்கி உறைகிறது என்பதை இங்கே கண்ணால் பார்த்துவிடுவீர்கள். அடுத்த படி முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது.

## படி 3: தெளிவான பாளம்

சாதாரண ஃப்ரீசர் ஐஸின் நடுவில் வெள்ளையாக ஒரு கலங்கல் இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் உப்புகளும்தான் அதற்குக் காரணம். உறையும் தண்ணீர் தன் படிக அமைப்புக்குள் வேறு எதையும் எளிதில் சேர்த்துக்கொள்ளாது, எல்லாவற்றையும் இன்னும் உறையாத தண்ணீருக்குத் தள்ளிவிடும். ஆறு பக்கத்திலிருந்தும் குளிர் வந்தால் தள்ளப்பட்டதெல்லாம் நடுவில் மாட்டிக்கொண்டு குமிழிகளாக உறைந்துவிடும். ஒரே பக்கத்திலிருந்து மட்டும் உறைய விட்டால் அவை எதிர்ப்பக்கம் போய்ச் சேரும், அந்தப் பகுதியை நாம் வெட்டி எறிந்துவிடலாம். ஏரியின் ஐஸ் மேலிருந்து கீழே மெதுவாக உறைவதால்தான் அவ்வளவு தெளிவு.

தொழில்முறைச் சிற்பிகள் பலர் பயன்படுத்தும் கிளைன்பெல் இயந்திரம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. குளிர் அடியிலிருந்து வரும். மேலே ஒரு சின்ன பம்ப் தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருந்து குமிழிகளை ஒட்ட விடாமல் அலசும். சுமார் மூன்று நாளில் ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், கால் மீட்டர் தடிமனில், ஏறக்குறைய 120 கிலோ எடையுள்ள பாளம் வரும். பின்னால் நிற்பவர் முகம் அதன் வழியே தெரியும்.

நமக்கு ஒரு தெர்மகோல் பெட்டி போதும். உட்பக்கம் ஏறக்குறைய 35 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழம் இருந்தால் நல்லது. வடிகட்டிய தண்ணீரை 22 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி, மூடி போடாமல் ஃப்ரீசரில் சமமாக வையுங்கள். கிட்டத்தட்ட 19 லிட்டர் தண்ணீர், அதாவது 19 கிலோ. அதைத் தாங்கும் தட்டா என்று முதலிலேயே பாருங்கள், மேலே திறக்கும் வகை ஃப்ரீசர் என்றால் கவலையில்லை. பக்கங்களும் அடியும் தெர்மகோலால் மூடப்பட்டிருப்பதால் குளிர் மேலிருந்து மட்டும் இறங்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றினால் தெளிவு வரும் என்று பலர் சொல்வார்கள். அதனால் காற்று கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எந்தத் திசையிலிருந்து உறைகிறது என்பதே முக்கியம்.

மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் 15 செ.மீ. தடிமன் உறைய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஐஸ் தடிக்கத் தடிக்க வேகம் குறையும், ஏனென்றால் கீழே உறையும் தண்ணீரின் வெப்பம் ஏற்கெனவே உறைந்த முழு தடிமனையும் கடந்துதான் வெளியேற வேண்டும். அவசரப்பட்டு ஃப்ரீசரைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

முழுதும் உறைவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். தண்ணீர் ஐஸாகும்போது கன அளவில் 9 சதவீதம் பெருகும். கடைசித் தண்ணீர் ஐஸுக்குள் சிறைப்பட்டு உறைந்தால் அந்த அழுத்தமே பாளத்தைப் பிளந்துவிடும். நான்காம் நாள் பெட்டியைத் தொட்டியில் கவிழ்த்து அரை மணி நேரம் விடுங்கள், தானாக வழுக்கி இறங்கும். அடிப்பக்கத்தில் மெல்லிய ஓடும் அதற்குள் தண்ணீரும் இருந்தால் ஓட்டை உடைத்துத் தண்ணீரைக் கொட்டுங்கள். கலங்கலான பகுதி இருந்தால் ரம்பத்தால் அறுத்து நீக்குங்கள். அப்புறம் பாளத்தை ஒரு துணி விரித்த பலகை மேல் வைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மறுபடி ஃப்ரீசருக்குள் வைத்துவிடுங்கள். துணி இல்லையென்றால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீரில் வண்ணம் கலக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். வேண்டாம். காற்றைத் தள்ளுகிற மாதிரியே உறையும் ஐஸ் சாயத்தையும் தள்ளிவிடும். மேலே வெளுத்து, அடியில் திட்டாகச் சேரும். வண்ணம் வேண்டுமென்றால் வெளிச்சத்தில் கொடுங்கள்.

## படி 4: உருகுவதையும் சேர்த்து வரையுங்கள்

ஆரம்பிப்பவர்கள் எல்லாருக்கும் அன்னம் செய்ய ஆசை வரும். அந்த ஆசைக்கு வயது அதிகம். 1890-களில் லண்டன் சவாய் ஹோட்டலில் சமையல் நிபுணர் ஓகுஸ்த் எஸ்கோஃபியே, பாடகி நெல்லி மெல்பாவுக்காக ஓர் ஐஸ் அன்னத்தின் இறக்கைகளுக்கு நடுவே பீச் பழத்தையும் வெனிலா ஐஸ்கிரீமையும் வைத்துப் பரிமாறினார். ஆனால் அன்னத்தின் கழுத்து மெல்லியது, அதன் நுனியில் தலையின் எடை வேறு. முதல் முறைக்கு அது வேண்டாம். மீன் நல்லது. உடல் தடிமன், வளைவு எளிது, செதில்கள் வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்பும், அடிவயிறு அலைகளோடு சேர்ந்துவிடுவதால் தனியாகக் கால் எதுவும் தேவையில்லை.

இப்போது ஒரு கணக்கு. காற்றோட்டம் அதிகம் இல்லாத அறையில் ஐஸின் மேற்பரப்பு ஒரு மணி நேரத்தில் சில மில்லிமீட்டர் உருகும். 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2 செ.மீ. தடிமனுள்ள துடுப்பு இரண்டு பக்கமும் உருகுவதால் ஒரு மணி நேரத்தில் பாதியாகும், இரண்டு மணி நேரத்தில் இருக்காது. 8 செ.மீ. தடிமனுள்ள உடல் அதே இரண்டு மணி நேரத்தில் 6 செ.மீ. ஆகும், பார்ப்பவருக்கு மாற்றமே தெரியாது. நீங்கள் வரைவது ஒரு படம் இல்லை, மூன்று படம். நிறுத்தும்போது எப்படி, ஒரு மணி நேரத்தில் எப்படி, இரண்டு மணி நேரத்தில் எப்படி. மூன்றிலும் அது மீனாகத் தெரிய வேண்டும். அதனால் வாலும் முதுகுத் துடுப்பும் 4 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். செதுக்கி முடித்ததும் கொஞ்சம் பருமனாகத் தோன்றும், பரவாயில்லை. முதல் அரை மணி நேரம் உருகும்போது அது தானே ஒல்லியாகி நேர்த்தி பெறும்.

நம் பாளத்தில் 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரம், 15 செ.மீ. தடிமன் எடுத்துக்கொள்ளலாம். ஐஸின் அடர்த்தி கன மீட்டருக்கு 917 கிலோ என்பதால் எடை 8 கிலோவுக்குச் சற்று மேல் வரும், ஒருவரே தூக்கலாம். கீழ் 6 செ.மீ. அலை. அதன் மேல் வில்லாக வளைந்த மீன், தலை இடது பக்கம் மேலே, வால் வலது பக்கம் சுருண்டு. வாலின் ஒரு நுனி அலையைத் தொடட்டும், தாங்குவதற்கு இன்னோர் இடம் கிடைக்கும். இதை முழு அளவில் காகிதத்தில் வரைந்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

## படி 5: கருவிகள்

பெரிய பட்டியல் தேவையில்லை. அகலப் பல் கொண்ட ஒரு கை ரம்பம், 3 செ.மீ. அகலமுள்ள ஒரு பட்டை உளி, வி வடிவ உளி ஒன்று, நுனி வளைந்த குழி உளி ஒன்று, ஐஸ் குத்தூசி ஒன்று. மரவேலை உளிகளே போதும், ஆனால் நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும். மழுங்கிய உளிக்கு அதிக பலம் கொடுக்க வேண்டிவரும், அந்த பலம்தான் பாளத்தை உடைக்கும், கையையும் வெட்டும். குளிர் தாங்கும், பிடிப்புள்ள கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, வழுக்காத காலணி. மேசை மேல் ஒரு ரப்பர் விரிப்பு, அதன் மேல் ஈரத் துண்டு. வேலை முடிந்ததும் உளிகளைத் துடைத்து எண்ணெய் தடவுங்கள், இல்லையென்றால் மறுநாளே துரு ஏறிவிடும்.

## படி 6: பாளத்தைப் பதப்படுத்துங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. மைனஸ் 18 டிகிரியிலிருந்து வெளியே வந்த பாளத்தில் உடனே உளி வைத்தால் அது கண்ணாடிச் சில்லுகளாகத் தெறிக்கும். அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் படீரென்று சத்தம் கேட்கும், உள்ளே விரிசல் ஓடியிருக்கும். ஒரே அளவு வெப்பமாற்றத்துக்கு ஐஸ் சாதாரணக் கண்ணாடியைவிட ஐந்து மடங்குக்கும் மேல் விரியும், சுருங்கும். வெளித்தோல் சூடாகி விரிய, உள்ளே இன்னும் குளிராக இறுகியிருக்க, நடுவில் இழுபட்டுப் பிளக்கிறது.

பாளத்தை நிழலான அறையில் பலகை மேல் வைத்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் மேலெல்லாம் வெள்ளைப் பனி படரும். கொஞ்ச நேரத்தில் ஓரங்களிலிருந்து அந்த வெண்மை கரையத் தொடங்கும். முழுப் பரப்பும் ஈரமாகி, கண்ணாடியாகத் தெளிந்து, உள்ளங்கையை வைத்தால் ஒட்டாமல் வழுக்கினால் தயார். நம் அளவுப் பாளத்துக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம். பெரிய பாளத்துக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம்.

வெயிலில் வைத்து வேகப்படுத்த வேண்டாம். சூரிய ஒளி ஐஸுக்குள் புகுந்து உள்ளேயே உருக்கும். அப்படி உருகும் இடங்களில் ஆறு இதழ் கொண்ட நுண்ணிய பூக்கள் மாதிரி வடிவங்கள் தோன்றும். 19-ஆம் நூற்றாண்டின் இயற்பியலாளர் ஜான் டிண்டால் இவற்றை விரிவாக ஆராய்ந்ததால் டிண்டால் உருவங்கள் என்றே பெயர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க அவ்வளவு அழகு. வீணான ஒரு துண்டை வெயிலில் வைத்து அவசியம் பாருங்கள். ஆனால் செதுக்க வேண்டிய பாளத்தில் அவை நிறைந்துவிட்டால் தெளிவும் போய்விடும், பலமும் போய்விடும்.

## படி 7: செதுக்குதல்

குளிர்ந்த அறை, முடிந்தால் 10 முதல் 15 டிகிரி, மின்விசிறி நிறுத்தியிருக்க வேண்டும். வெட்டிய காகிதத்தை நனைத்து, பாளத்தின் முன்பக்கத்தில் ஒட்டி அழுத்துங்கள். வி உளியால் அதன் விளிம்பைச் சுற்றி 5 மி.மீ. ஆழத்துக்குக் கோடு இழுத்துவிட்டுக் காகிதத்தை உரித்துவிடுங்கள். ஆழம் முக்கியம், மேலோட்டமான கோடு பத்து நிமிடத்தில் காணாமல் போகும்.

இப்போது ரம்பம். மீனுக்கு வெளியே இருக்கும் பகுதியை ஒரே அறுப்பில் எடுக்க முயல வேண்டாம். பாளத்தின் வெளிவிளிம்பிலிருந்து கோட்டுக்கு அரை சென்டிமீட்டர் முன்பு வரை, 3 செ.மீ. இடைவெளியில் வரிசையாக அறுத்துக்கொண்டே வாருங்கள். பிறகு பட்டை உளியை அறுப்புகளுக்கு இடையே கோட்டின் பக்கம் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் துண்டு துண்டாகக் கழன்று விழும். உளியை அறுப்புக்குள் விட்டு நெம்பாதீர்கள். நெம்பினால் விரிசல் நீங்கள் நினைத்த திசையில் போகாது.

எந்த வெட்டானாலும் உளியின் விசை பாளத்தின் தடித்த பகுதியை நோக்கிப் போக வேண்டும். வெளி விளிம்பை நோக்கித் தள்ளினால் விளிம்பு பெயர்ந்துவிடும். வால் பக்கம் வேலை செய்யும்போது நுனியிலிருந்து உடலை நோக்கித் தள்ளுங்கள், இன்னொரு கையால் வாலின் பின்புறத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டு உருவம் வந்ததும் மேலிருந்து பாருங்கள். இன்னும் அது 15 செ.மீ. தடிமனுள்ள தட்டைப் பலகைதான். மூக்கையும் வாலையும் நோக்கி இரண்டு பக்கமும் சரிவாகச் சீவுங்கள். நடுவயிறு 8 அல்லது 9 செ.மீ., மூக்கு 5, வால் 4. அப்புறம் நான்கு விளிம்புகளையும் சாய்வாக வெட்டி எட்டுப் பட்டையாக்கி, எட்டைப் பதினாறாக்கி உருட்டுங்கள். பட்டை பட்டையாகப் போனால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும். நேராக உருட்ட ஆரம்பித்தால் ஒரு கன்னம் பெரிதாகும்.

இந்தக் கட்டத்தில் உளியிலிருந்து விழுவதைக் கவனியுங்கள். தூளும் கூரிய சில்லுமாகத் தெறித்தால் ஐஸ் இன்னும் அதிகக் குளிரில் இருக்கிறது, பத்து நிமிடம் பொறுங்கள். ஈரமான வெள்ளைச் செதில்களாகச் சுருண்டு விழுந்து, வெட்டிய இடம் பளபளவென்று இருந்தால் அதுதான் சரியான நிலை. அந்த நேரத்தில் உளி போகும் இதமே வேறு, பலமே தேவைப்படாது. உளி சறுக்கி, விளிம்புகள் மொழுக்கென்று ஆகத் தொடங்கினால் சூடு ஏறிவிட்டது. பலகையோடு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, மறுபடி பதப்படுத்தி, தொடருங்கள். இப்படி இடைவேளை விட்டு வேலை செய்வதில் தவறே இல்லை.

நுணுக்கங்கள் கடைசியில். செவுள் வளைவை வி உளியால் ஆழமாக வெட்டி, அதன் பின்பக்கத்தை மட்டும் சரித்துச் சீவினால் செவுள் தூக்கி நிற்கும். செதிலுக்குக் குழி உளியை 45 டிகிரி சாய்த்து வையுங்கள், 5 மி.மீ. உள்ளே அழுத்துங்கள், கைப்பிடியைக் கீழே தாழ்த்துங்கள். ஒரு சின்ன அரைவட்டச் சில்லு எழும்பி வரும். செவுளிலிருந்து வால் பக்கமாக வரிசை வரிசையாகப் போங்கள். அடுத்த வரிசையின் ஒவ்வொரு செதிலும் முந்தின வரிசையின் இரண்டு செதிலுக்கு நடுவே வர வேண்டும்.

ஏன் அவ்வளவு ஆழம்? ஐஸின் ஒளிவிலகல் எண் 1.31, தண்ணீருடையது 1.33. இரண்டும் ஏறக்குறைய ஒன்று. மெல்லிய கீறலில் உருகிய நீர் நிரம்பினால் ஒளிக்கு அங்கே வித்தியாசமே தெரியாது, கீறல் மறைந்துவிடும். ஆழமான, இரு சரிவும் கூர்மையான வெட்டுத்தான் நீரை வடிய விட்டு ஒளியைத் திருப்பி அனுப்பும். கல்லில் நிழல் செய்யும் வேலையை ஐஸில் இந்தச் சரிவுகள் செய்கின்றன.

கண்ணுக்குக் குத்தூசியால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி போட்டு, செதுக்கும்போது விழுந்த வெள்ளைத் தூளை அதில் அழுத்தி நிரப்புங்கள். தெளிவான உடலில் வெள்ளைக் கண் எடுப்பாக நிற்கும். பெயர்ப் பலகைகளில் எழுத்துகள் வெள்ளையாக மிதக்கும் ரகசியமும் இதுவே. பாளத்தின் பின்பக்கம் எழுத்துகளை இடவலமாக மாற்றி வெட்டி, தூளை நிரப்புகிறார்கள். முன்னாலிருந்து பார்த்தால் ஐஸுக்குள்ளே எழுதியது போலத் தெரியும். மீனின் உடலுக்கும் வாலுக்கும் நடுவே இடைவெளி வேண்டுமென்றால் அதையும் இப்போதுதான் குடைய வேண்டும். முதலிலேயே ஓட்டை போட்டால், அப்புறம் படும் ஒவ்வொரு தட்டையும் அந்தப் பலவீனமான இடமே வாங்கிக்கொள்ளும்.

## ஒரு துண்டு உடைந்தால்

பதற்றமே வேண்டாம், ஐஸை ஒட்ட ஐஸே போதும். பூஜ்ய டிகிரியில் இருக்கும் இரண்டு துண்டுகள் தொட்டாலே ஒட்டிக்கொள்கின்றன என்பதை மைக்கேல் ஃபாரடே 1850-இல் காட்டினார். 1740-இல் ரஷ்யப் பேரரசி அன்னா செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஐஸ் மாளிகை கட்ட வைத்தபோது பாளங்களுக்கு இடையே தண்ணீரைத்தான் சாந்தாக ஊற்றினார்கள். அந்த மாளிகைக்குப் பின்னால் ஓர் இளவரசரை அவமானப்படுத்திய கொடுமை உண்டு, அதை மறக்கக் கூடாது. ஆனால் ஒட்டும் முறை இன்றும் அதுவே.

உடைந்த இரண்டு முகங்களையும் தட்டையாக்க வேண்டும். அலுமினியத் தட்டின் மேல் ஐஸை வைத்து மெல்ல வட்டமாகத் தேயுங்கள். அலுமினியம் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் மேடுகள் உருகி முகம் சமமாகும். இரண்டையும் ஃப்ரீசரில் நன்றாகக் குளிர வைத்து, நடுவில் குளிர்ந்த நீரைத் தெளித்து, அசையாமல் அழுத்திப் பிடியுங்கள். நீரை உறைய வைப்பது துண்டுகளின் உள்ளே இருக்கும் குளிர்தான். அதனால் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும் துண்டுகள் உறுதியாக ஒட்டாது.

## படி 8: மெருகும் காத்து வைத்தலும்

முடித்ததும் குளிர்ந்த நீரை ஒரு முறை மேலே ஓட விடுங்கள். உளியின் வெள்ளைத் தடங்கள் தெளிந்துவிடும். அன்றே நிறுத்தப் போவதில்லை என்றால் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர்களில் உலர்ந்த காற்று ஓடிக்கொண்டே இருக்கும். சுற்றாமல் வைத்தால் ஐஸ் நேரடியாக ஆவியாகி, சில வாரத்தில் செதில்கள் மழுங்கிவிடும்.

## படி 9: நிறுத்துதல்

நிறுத்தும் நேரத்துக்கு அரை மணி முன்பு வெளியே எடுங்கள், வெள்ளைப் பூச்சு போய்த் தெளிய அவ்வளவு நேரம் வேண்டும். 8 கிலோ பாளத்தைச் செதுக்கிய பிறகு மூன்று நான்கு கிலோ மிஞ்சும் என்றால், அத்தனை லிட்டர் தண்ணீரும் எங்கேயாவது போக வேண்டும். விளிம்பு உயர்ந்த தட்டு, அதில் ஒரு துளை, துளையிலிருந்து குழாய், கீழே வாளி. சிற்பத்துக்கு அடியில் மடித்த துணி அவசியம். உருகும் ஐஸ் தன் நீரிலேயே வழுக்கி நகரும்.

ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் தேவை. பூஜ்ய டிகிரித் தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கும் அளவு அது. அதனால்தான் சிற்பம் இவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது. அதன் பெரிய எதிரி ஈரக்காற்று. ஐஸின் மேல் ஒரு கிராம் நீராவி படிந்து நீரானால், அது விடும் வெப்பம் ஏழு கிராம் ஐஸை உருக்கப் போதும். ஆகவே நீராவி எழும் பாத்திரங்கள், கூட்ட நெரிசல், மின்விசிறி மூன்றையும் தள்ளி வையுங்கள். குளிர்சாதன வசதி இருந்தாலும் அதன் காற்று நேராகப் படக் கூடாது.

விளக்கு எல்.இ.டி. மட்டுமே. அடியிலிருந்தோ பின்னாலிருந்து பக்கவாட்டாகவோ கொடுங்கள். முன்னாலிருந்து அடித்தால் ஒளி நேராகக் கடந்து போய்விடும், உருவமே தெரியாது. பின்னால் கருமையான துணி இருந்தால் ஒவ்வொரு செதிலும் தனியாக எடுத்துத் தெரியும்.

உருகுவதையும் உட்கார்ந்து பாருங்கள், கால் மணிக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த இடம் முதலில் மெலிந்தது, எந்தச் செதில் நிலைத்தது, எங்கே நீர் தேங்கியது என்று அந்தப் படங்கள் சொல்வதை எந்த ஆசிரியரும் சொல்லித் தர முடியாது.

## அடுத்து என்ன செய்வது

அதே மீனை இன்னொரு முறை செய்யுங்கள், அந்தப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மெலிந்த இடத்தைத் தடிமனாக்கி, நிலைத்த இடத்தில் இன்னும் துணிந்து செதுக்குங்கள். அப்புறம் அன்னத்துக்குப் போகலாம். அலகு மார்பைத் தொடும்படி கழுத்தை வளைத்து வரைந்தால் தலைக்கு இரண்டு பக்கம் தாங்கல் கிடைக்கும், கழுத்தின் மெல்லிய இடம் 6 செ.மீ. இருக்கட்டும்.

பெரிய பாளத்துக்குப் போகும்போது சங்கிலி ரம்பமும் டை கிரைண்டரும் (வேகமாகச் சுழலும் முனையால் குடையும் கைக்கருவி) தேவைப்படும். அவற்றைத் தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள், படம் பார்த்துக் கற்க வேண்டாம். மின்சார ரம்பம்தான் வேண்டும், பெட்ரோல் ரம்பத்தின் புகையும் எண்ணெயும் ஐஸில் ஏறிவிடும். சுற்றிலும் தண்ணீர் என்பதால் மின்கசிவு ஏற்பட்ட நொடியே துண்டிக்கும் பிரேக்கர் இணைப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். வயர் இணைப்புகள் தரையில் கிடக்காமல் மேலே தொங்க வேண்டும். 120 கிலோ பாளத்தை இரண்டு பேர் சேர்ந்து தூக்க முயல வேண்டாம், ஐஸ் இடுக்கியும் சக்கரத் தள்ளுவண்டியும் வேண்டும். இவையெல்லாம் கைக்கு வரும் வரை உளியும் கை ரம்பமும் வைத்து 30 செ.மீ. பாளத்தில் எவ்வளவோ செய்யலாம்.